மணமாகாத மகள்

கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அப்பா இல்லாமல் வளர்ந்தது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. எங்கள் வரிசையில் எந்த வீட்டை எடுத்தாலும் யாராவது ஒருவர் சிலோனில் நின்றுபோயிருந்தார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூத்த மகன் அங்கே. கோடி வீட்டு அண்ணனுக்கு அக்காவும் அவள் பிள்ளைகளும் அங்கே. "அவுக அங்கிட்டு, நாங்க இங்கிட்டு" என்பார்கள், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். எனக்கு அப்பா அங்கிட்டு. அவ்வளவுதான்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது எங்கள் சனங்களைப் பொறுத்தவரை ஒரு பாகப்பிரிவினை. மலையகத் தோட்டங்களில் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் கிடந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அதையும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கணக்கு சுத்தமாக முடிந்தது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இரண்டு பங்கிலும் விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கக்கூடியவர்களுக்கு ஓட்டும் இல்லை.

எங்கள் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அம்மாயி, அம்மா, மாமா எல்லோர் பெயரும் அந்த ஒரே விண்ணப்பத்தில். அப்போது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. விண்ணப்பம் கண்டியில் கிடந்த காலத்தில் மாத்தளைப் பக்கம் அவர்கள் இருந்த அதே தோட்டத்தில், மேல் லயத்துப் பையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டு, பதிவெல்லாம் கிடையாது. தோட்டத்தில் யார்தான் பதிந்தார்கள்? மாப்பிள்ளை வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார்கள். 1969 கடைசியில் தாத்தாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. வந்த பிறகு இஷ்டத்துக்கு உட்கார்ந்திருக்க முடியாது. தங்கும் அனுமதி முடிந்தால் போலீஸ் வந்துவிடும். எங்கள் ஆட்கள் கோச்சியேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். தோட்டங்களிலிருந்து அப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். மண்டபத்திலிருந்து நீலகிரிக்கு அனுப்பினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசாங்கம் காட்டை வெட்டித் தேயிலை போட ஆரம்பித்த நேரம் அது. 1976-ல்தான் அது டான்டீ என்ற கம்பெனி ஆனது. 1970 பிப்ரவரியில் நான் அங்கே பிறந்தேன்.

கோத்தகிரி ஹைஸ்கூலுக்குப் போன பிறகுதான் சிக்கல். அங்கே ஊர்ப் பிள்ளைகள், வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள். "சிலோன்காரி" என்ற பட்டம் முதல் நாளே கிடைத்தது, அதற்குப் பழகிக்கொள்ளலாம். ஆனால் வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டுக்காகக் கேட்டார்: "உங்க அப்பா பேரும் உங்க தாத்தா பேரும் ஒண்ணா?" தகப்பனார் பெயர் என்ற இடத்தில் எனக்கு எப்போதும் தாத்தாவின் பெயர்தான் இருந்தது. என் தலைப்பெழுத்தும் அவருடையதே. இத்தனை காலம் நான் அதைக் கவனித்ததே இல்லை. வீட்டில் வந்து கேட்டேன். தாத்தா அதற்கு முந்தின வருஷம் செத்துப்போயிருந்தார். அம்மாயி வெற்றிலை இடித்துக்கொண்டே, "ஆப்பீசுல அப்படி எழுதிட்டாங்க" என்றாள். அம்மா எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

பன்னிரண்டு வயதுக்கே உரிய கோபம் ஒன்று உண்டு. யார் மேல் என்று தெரியாது. நான் அதை அப்பா மேல் வைத்தேன். எங்களை விட்டுவிட்டு சொகுசாக சிலோனில் இருக்கிற ஆள். அவரைக் கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

கண்டுபிடிக்க என்னிடம் இருந்தது ஒரு பெயரும் ஒரு தோட்டத்தின் பெயரும். முதலில் தோட்டத்து விலாசத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அடுத்துத் தோன்றிய வழியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தக் காலத்தில் அது அத்தனை பைத்தியக்காரத்தனம் இல்லை. எங்கள் லயத்தில் காலையில் எழுந்ததும் கேட்பது இலங்கை வானொலி. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர் சினிமா நடிகர்களின் பெயர் மாதிரி எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் குழந்தையின் பெயரைச் சொல்லி, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று வாழ்த்துகிறவர்களின் பெயர்களை ஊர் ஊராக வாசிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து குவிந்த கடிதங்கள் எத்தனையோ. நாங்கள் கேட்கும் அதே குரலை அந்தக் கரையில் அவரும் கேட்பாரல்லவா? என் பிறந்தநாளுக்கு நானே வாழ்த்து எழுதினேன். வாழ்த்துபவர்களில் முதலில் அப்பா பெயர், பக்கத்தில் மாத்தளை என்று தோட்டத்தின் பெயர். அதற்குப் பிறகுதான் அம்மா. வெளிநாட்டுத் தபால்தலைக்கு மாமாவின் சட்டைப்பையிலிருந்து சில்லறை எடுத்தேன்.

1983 பிப்ரவரி. பனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக்கிடந்த காலை. குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன, கணக்கப்பிள்ளை பேர் பதிய வருவதற்குள் தண்ணீர் பிடித்தாக வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே நிகழ்ச்சி ஓடுவதால் ரேடியோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, லயம் முழுக்கக் கேட்கும். என் பெயர் வந்தது. கோத்தகிரி வந்தது. பிறகு, வெகு நிதானமாக, அப்பாவின் பெயர்.

அம்மா குழாயடியில்தான் நின்றாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் எடுக்கவில்லை. பின்னால் நின்ற பெண் "அக்கா, கொடம்" என்று தொட்ட பிறகு எடுத்து இடுப்பில் வைத்தாள். வாசல் நடையில் உட்கார்ந்திருந்த என்னைக் கடந்து உள்ளே போனாள். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் எட்டிப்பார்த்து, "மாப்பிள்ள பேர ரேடியோவுல சொல்லிட்டானே!" என்று ஊருக்கே கூவினாள். அன்றைக்கு மலையில் அம்மாவை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

ராத்திரி தகரப்பெட்டியைத் திறந்து ஒரு நீல ஏரோகிராமை எடுத்து என் மடியில் போட்டாள். "வாசி" என்றாள். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள், ஆனால் அந்தக் கடிதம் படிக்கத் தேவையில்லாத அளவுக்கு அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. நான் ஓர் இடத்தில் தடுமாறியபோது அவளே சொல்லிக்கொடுத்தாள். 1978-ல் எழுதியது. அதற்கு முந்தின ஆகஸ்டில் நடந்த கலவரத்தில் லயத்தைக் கொளுத்திவிட்டார்கள், தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியிருக்கிறோம், எங்களை மாதிரி நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், இங்கே காய்ச்சல் அதிகம். நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லை. எனக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது, ஒரு பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். குழந்தை என்ன குழந்தை என்று மட்டும் தெரிவி.

"நீ ஏன் பதில் போடல?"

"இதுக்கு முந்தி போட்டது ஒண்ணும் எங்கைக்கு வரலயே" என்றாள். தபால் எல்லாம் ஆபீசில் தாத்தா கையில்தான் கொடுப்பார்கள். அந்த ஒன்று வந்த அன்று தாத்தா காய்ச்சலில் படுத்திருந்தார்.

"இது வந்துச்சுல்ல?"

அதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து உள்ளே வைத்துப் பூட்டினாள். ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்றுகூடத் தெரியாமல் ஓர் ஆள் எனக்கு அப்பாவாக இருந்திருக்கிறார் என்பது மட்டும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

கடிதத்தில் இருந்த வவுனியா விலாசத்துக்கு எழுதினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிவதற்குள் ஜூலை வந்துவிட்டது. 1983 ஜூலைக்குப் பிறகு நடந்ததைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அடுத்த வருஷத்தில் தலைமன்னார் கப்பலும் நின்றது. கள்ளத்தோணிகளும் மீன்பிடிப் படகுகளும் ராமேஸ்வரத்துக்கு வர ஆரம்பித்தன. 1987 வரைக்கும் அப்படி வந்தவர்கள் 1,30,000 பேருக்கு மேல். அவர்களில் எங்கள் மலையக ஆட்களும் உண்டு. தோட்டத்தில் கொளுத்தியதால் வவுனியா போனவர்கள், வவுனியாவிலும் இருக்க முடியாமல் படகேறினார்கள். இரண்டாம் தடவை அகதியானவர்கள்.

மண்டபம் முகாமைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகும்போது அங்கேதான் நிறுத்தி, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். பிறகு அதே இடத்தில் திரும்பி வந்தவர்களை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அகதிகளை. எங்கள் தாத்தாவின் அப்பா, தாத்தா, அப்பா மூன்று பேருமே அந்தச் சுவர்களுக்குள் படுத்து எழுந்திருக்கிறார்கள். ஒரு வம்சம் முழுக்க ஒரே இடத்தில் பெயர் பதிந்திருக்கிறது. அரசாங்கங்களுக்கு எங்களை நினைத்தால் அந்த இடம் மட்டும்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது.

84 கடைசியில் வவுனியா, மன்னார்ப் பக்கம் நிலைமை மோசமானதும் வந்த கூட்டத்தில் அப்பா இருந்தார். எங்கள் கோடி வீட்டு அண்ணன் தன் அக்காவைத் தேடி மண்டபம் போய்விட்டு வந்து சொன்னார். அக்கா கிடைக்கவில்லை. ஆனால் அங்கே ஓர் ஆள், நீலகிரியிலிருந்து யார் வந்தாலும் ஓடி வந்து எங்கள் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரிக்கிறாராம். நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலும் ஒருவர் தேடுவார் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

1985 மே விடுமுறையில் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், மதுரை என்று பஸ் மாறி மாறி. அம்மா வரவில்லை, வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. வெயிலே அறியாத ஊர்க்காரி நான். மண்டபத்தில் இறங்கியதும் மணலும் உப்புக்காற்றும் முகத்தில் அறைந்தன. வாசலில் போலீஸ்காரரிடம் பெயர் எழுதிக்கொடுத்தோம். நீளமான பழைய கட்டடங்கள், அறைக்கு அறை சேலையைக் கட்டி மறைத்திருந்தார்கள். பார்த்தால் எங்கள் லயம் மாதிரியேதான் இருந்தது, மலைதான் இல்லை.

ஒரு குள்ளமான மனிதர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். நான் மனதில் வைத்திருந்த ஆள் நெட்டையானவர். மாமாவைப் பார்த்து, "மச்சான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் நெற்றியைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அது அவருடைய நெற்றி.

"பொம்பளப் புள்ளையா" என்றார்.

நாலு கேள்விகள் தயாராக வைத்திருந்தேனே, ஒன்றும் வரவில்லை. அவர்தான் கேட்டார். கொழுந்து எடுக்கிறாயா, படிக்கிறாயா? எத்தனையாவது? அங்கே குளிர் மாத்தளையைவிட அதிகமா? சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் எட்டிப்பார்த்தார்கள். அந்தம்மா எங்களுக்குச் சாயத்தண்ணி கொண்டுவந்தார். முகாமில் கிடைத்த தூள். மலையில் பிறந்தவர்கள் வாயில் வைக்க முடியாது. மாமா ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அந்தம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. நான் முழுக்கக் குடித்தேன்.

மாமா வெளியே பீடி பிடிக்கப் போன நேரம் ஒருவழியாகக் கேட்டேன்: "ஏன் எங்கள விட்டுட்டுப் போனீங்க?"

அவர் திகைத்துப்போனார். "நானா? நான் எங்கம்மா போனேன்? கப்பல் ஏறுனது நீங்கதானே."

அப்புறம்தான் கண்டிக் கதையைச் சொன்னார். தாத்தா குடும்பத்தை இந்திய உதவித் தூதரகத்தில் நேரில் கூப்பிட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் அம்மா பெயருக்கு எதிரே 'மணமாகாத மகள்' என்று இருந்தது. கல்யாணமாகிவிட்டது என்று சொன்னால் அவள் பெயர் தனியாகப் பிரியும், ஃபைல் திரும்பப் போகும், எத்தனை மாதம் ஆகுமோ. உழைக்கிற கை ஒன்று குறைகிற குடும்பத்துக்கு இந்தியாவில் வேலை கிடைக்குமோ கிடைக்காதோ. தாத்தா யோசித்துப் பார்த்து, ஆகவில்லை என்று சொல்லச் சொல்லிவிட்டார். அப்பாவும் அன்று கூடவே போயிருந்தார், வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "ஆபீசர் கேட்டாராம், ஒங்கம்மா ஆகலைன்னு சொல்லிட்டா. வயித்துல நீ இருந்த. பின்னால நானும் எழுதிப் போட்டு வந்துர்றேன்னுதான் பேச்சு. எங்கப்பா சிலோனுக்கு எழுதிக் கொடுத்த ஆளு, என்னய எப்படி விடுவான்? கடுதாசி மேல கடுதாசி போட்டேன். அவதான் வாயால சொல்லிட்டாளே, அதையே வச்சுக்கிட்டா போலன்னு நெனச்சேன்."

ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரி, சாப்பிட்டு முடிக்கிறவரை அம்மா அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அந்தம்மாவைப் பற்றி. உசரமா, நெறமா, எத்தனை பிள்ளைகள், என்ன குழம்பு வைத்திருந்தாள். தூள் மோசம் என்றதும், "பாவம், அவரு கெட்டியா குடிப்பாரு" என்றாள். நான் கண்டியைப் பற்றிக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். வரிசையில் நிற்கும்போதே அம்மாயி பின்னாலிருந்து தாலிக்கயிற்றை அவிழ்த்துத் தன் சுருக்குப்பையில் பாக்கோடு போட்டுக்கொண்டாளாம். தலைமன்னாரில் கப்பல் கிளம்பியதும் அம்மாயியே திரும்பக் கட்டிவிட்டாளாம். அம்மாயி மூலையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு எதையும் மறுக்கத் தோன்றவில்லை. தாத்தாவை நான் வெறுக்க வேண்டுமா என்று பல வருஷம் எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. 73, 74-ல் சிலோன் தோட்டங்களில் பட்டினி வந்து, சனங்கள் கிடைத்த கிழங்கைத் தின்று செத்த கதையைக் கேட்ட பிறகு வழக்கைத் தள்ளுபடி செய்தேன். கடிதங்களை மறைத்ததற்கு மட்டும் இன்னும் மன்னிப்பு இல்லை.

அடுத்த வாரமே அம்மா டான்டீ தூள் இரண்டு கிலோவைத் துணியில் தைத்து மண்டபத்துக்குப் பார்சல் போடச் சொன்னாள். அந்தம்மா பெயருக்கு. பதில் கடிதம் பெரிய பையனின் கையெழுத்தில் வந்தது: தூள் நன்றாக இருந்தது அக்கா, இரண்டு தடவை வடிகட்டினாலும் சாயம் இறங்குகிறது. அப்படி ஆரம்பித்து அவர்கள் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. எழுதுகிற கை என்னுடையதும் தம்பியுடையதும். அப்பா அடியில் ஒரு வரி சேர்ப்பார், நன்றாகப் படி என்று. அவருக்கும் எனக்கும் அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. இன்னும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினோம். சின்னம்மாவுடன்தான் எனக்கு ஒட்டியது.

87 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, அந்த டிசம்பரிலிருந்து அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். அப்பாவின் குடும்பம் வவுனியாவுக்கே போனது. 1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்க, கடிதம் நின்றது.

எனக்கு 1992-ல் கல்யாணம். அழைப்பிதழ் அடிக்கப் போகும்போது அம்மா ஒரே பிடியாக நின்றாள்: அப்பா பெயர் போட வேண்டும், மாத்தளை என்றும் போட வேண்டும். பள்ளிச் சான்றிதழில் தாத்தா பெயர், ரேஷன் கார்டில் தாத்தா பெயர், அதை மாற்ற நான் அலைந்ததெல்லாம் வீண். அச்சகத்துக்காரர் ஆதாரம் கேட்கவில்லை. மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்தில், இன்னாரின் மகள் என்று முதல் தடவையாக அச்சில் வந்தேன்.

2002-ல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு சின்னம்மாவின் கடிதம் வந்தது. அப்பா 1991-லேயே காய்ச்சலில் போய்விட்டாராம். அழைப்பிதழில் உயிரோடு இருப்பவராகப் போட்டிருந்தோம்.

மாமா அம்மாவுக்கு விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று யோசனை சொன்னார். கிராம அலுவலகத்தில் கல்யாணத்துக்கு என்ன அத்தாட்சி, சாவுக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். தாயகம் திரும்பியபோது கொடுத்த பழைய குடும்ப அட்டையைக் காட்டினால் அதில் மணமாகாத மகள் என்று இருக்கிறது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடா, ஆகாதவளுக்கு யாரு பணம் குடுப்பா" என்று மாமாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

லயத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று ஜாடையாகச் சொன்னார்கள். அம்மா தாலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள். "ஒரு தடவ கழட்டுனது போதும்" என்றாள். இறக்கும்வரை அது அவள் கழுத்தில் இருந்தது. சின்னம்மாவுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு இப்போதும் நான்தான் தூள் அனுப்புகிறேன். பார்சல் செலவு தூள் விலையைவிட நாலு மடங்கு. அங்கேயே நல்ல தூள் கிடைக்கிறது, வீண் செலவு செய்யாதே என்று போனில் திட்டிவிட்டு, போன தடவை அனுப்பியது கொஞ்சம் பழசு என்பார்.